தாய்மாமன் சீரும் டைட்டானியம் தோடும்

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று ராத்திரியே பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? தங்கம் விற்கிற விலையில் மூன்று பவுன் என்று மனசில் போட்டிருந்த கணக்கு இரண்டாகி, இரண்டு ஒன்றரையாகி, அதற்கும் கீழே இறங்கப் பார்த்த நேரத்தில் அவளே போன் செய்தாள்.

“மாமா, எனக்குத் தங்கம் வேணாம். லாக்கர்ல தூங்கத்தான் அது. நான் ஒரு இடம் சொல்றேன், அங்க வந்து வாங்கிக் குடுங்க. டெய்லி போட்டுக்குவேன்.”

நிம்மதிதான். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல், “வெள்ளியா? உங்க அம்மா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?” என்று கேட்டு வைத்தேன்.

அவள் சொன்ன இடம் கடை இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்த நகை வடிவமைப்பாளர்கள், அன்றாடப் பொருளையே படமாக்குகிற பாப் ஆர்ட் அச்சிடுகிற பையன்கள், புகைப்படக்காரர்கள் என்று இருபது, இருபத்தைந்து பேர் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற வார இறுதிச் சந்தை. பெயர்ப்பலகை கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீடு. முந்தைய நாள் வாட்ஸ்ஆப்பில் முகவரி வரும். இந்தத் தடவை குக் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீடு. ஜன்னலுக்கு மேலே மரச்சட்டத்தில் குல்லாய் வைத்த மாதிரி இருக்குமே, மங்கி டாப் என்பார்கள், பெங்களூரில் இடித்தது போக மிச்சமிருக்கிற அந்த ரகம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. அல்சூரிலிருந்து ஆட்டோவுக்கு 110 ரூபாய். வண்டி நிறுத்த இடம் கிடையாது, காபி சுமார், கழிப்பறை சுத்தம். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் பற்றிச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். அப்பா நகரத்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருந்த ஆசாரி; குடியாத்தத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் குமுட்டி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுகுழல் ஊதிப் பழகியவன் நான். அப்புறம் ஐ.டி.ஐ. படித்துவிட்டு விமானம் செய்கிற எச்.ஏ.எல். தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமுக்குப் போய்விட்டேன், 31 வருஷம். ஆக, நகை தெரியும், உலோகம் தெரியும், கலை தெரியாது. ஆனால் எதையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. அது அப்பாவிடமிருந்து வந்தது. யாராவது நகையை நீட்டினால் முகப்பைப் பார்க்கவே மாட்டார். கவிழ்த்து, பற்று வைத்த இடத்தை, அதாவது உலோகப் பொடியை உருக்கித் துண்டுகளை ஒட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, “யார் கை இது?” என்பார்.

அதனால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மில்லிமீட்டரைவிடச் சின்ன அளவையும் அளக்கிற வெர்னியரையும் எடுத்து வந்திருந்தேன். அதை அக்கா மகள் வாசலிலேயே பிடுங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் நின்றது டைட்டானியம் மேசையில். எங்கள் டூல் ரூமில் டைட்டானியத் துண்டு ஒன்று கையில் கிடைத்தால் அதை ஜாக்கிரதையாகத்தான் வைப்போம், விமானத்துக்குப் போகிற பொருள். அதை இந்தப் பெண் வெற்றிலை வடிவத்தில் வெட்டித் தோடாக்கி வைத்திருக்கிறாள். மயில் கழுத்து நீலம். மங்களூர்ப் பக்கத்துப் பெண், பேச்சு பாதி கன்னடம், பாதி ஆங்கிலம். நீலத்தைச் சாயம் என்று நினைத்து நகத்தால் சுரண்டப் போனேன். “பெயிண்ட் இல்ல அங்கிள், கரண்ட்” என்றாள்.

தொட்டியில் முக்கி மின்சாரம் கொடுத்தால் டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. வோல்ட் ஏற ஏறப் படலம் தடிக்கும், நிறம் மாறும். மழை விட்ட பிறகு ரோட்டில் சிந்திய எண்ணெயில் வானவில் மின்னுமே, அதே கணக்குத்தான். சுமார் 30 வோல்ட்டில் வெளிர் நீலம், 60 பக்கம் மஞ்சள், நூறைத் தாண்டினால் பச்சை. நல்ல சிவப்பு மட்டும் வராது. “அதனால கல்யாணப் பொண்ணுங்க என்கிட்ட வர்றதில்ல” என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண் இரண்டு ஜோடியைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திருப்பினேன். டைட்டானியத்துக்குச் சாதாரணத் தீயில் பற்று வைக்க முடியாது. சூடு ஏறியதும் காற்றை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும். ஆர்கான் வாயுவுக்குள் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது லேசர் வேண்டும். இரண்டும் அவளிடம் இல்லை. அதனால் வெள்ளிக் கம்பியை நுழைத்து இரண்டு பக்கமும் தட்டி ரிவெட் அடித்திருக்கிறாள், ஒரு தோட்டுக்கு மூன்று. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று தலையும் ஒரே அளவு. விரலை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. ரிவெட்டைச் சாய்த்து அடித்தால் தலையைச் சுற்றிப் பிறை நிலா மாதிரி ஒரு தடம் விழும். விமான வேலையில் அந்தப் பிறையைப் பார்த்தால் பேசாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே ஆறு தலையிலும் பிறை இல்லை. எத்தனை நாள் பழகினாய் என்று கேட்டேன். ஒரு வருஷம், அலுமினியத் தகட்டில், என்றாள். அப்பா இருந்தால் அந்தப் பெண்ணின் கையை ஒரு தடவை வாங்கிப் பார்த்திருப்பார்.

வெள்ளியின் எடையில் பாதிக்கும் குறைவு என்பதால் இவ்வளவு பெரிய தோடு காதை இழுப்பதில்லை. காதில் நுழைகிற கம்பியும் டைட்டானியம்தான். கவரிங் போட்டால் புண் ஆகிற காதுக்கு இது ஒத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் நிறம் போச்சு. அதை நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். விலை 3,800. பொருளின் விலை அதில் சில நூறு ரூபாய் இருக்கலாம், மீதி செய்கூலி. அக்கா மகள் இதைச் சீர்க் கணக்கில் சேர்க்காமல் தன் காசில் வாங்கிக்கொண்டாள். நானும் தடுக்கவில்லை.

அதே மேசையில் கறுப்பு ரப்பர் வளையல் ஒன்று கிடந்தது. ஓர் இடத்தில் மட்டும், பாம்பு எலியை விழுங்கின மாதிரி, புடைப்பு. சீட்டில் ஓட்டோ குன்ஸ்லி என்ற பெயரும் 1980 என்ற வருஷமும். அவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியில் மியூனிக்கில் வேலை செய்த நகைக் கலைஞராம். ரப்பர் குழாய்க்குள் தங்க உருண்டை ஒன்றை வைத்து மூடி, ‘தங்கம் குருடாக்கும்’ என்று பெயர் வைத்து வளையலாகச் செய்தவர். உள்ளே தங்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ரப்பரை அறுக்க வேண்டும். அறுத்தால் நகை போச்சு. இவள் அவருக்கு மரியாதை செய்கிற விதமாகத் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறாள். யோசனை யாருடையது என்று சீட்டில் எழுதி வைத்ததால் குறை சொல்ல முடியாது.

“இதுல இருக்கிறது தங்கமா?”

“நம்பணும் அங்கிள். அதுதான் இதுல விஷயமே.”

நம்புகிறதாவது! உரைகல்லோடு வளர்ந்தவனிடம் போய்! வளையலைக் கையில் இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பார்த்தேன். தங்கம் தண்ணீரைப் போலப் பத்தொன்பது மடங்கு கனம், இரும்பு எட்டு மடங்குகூட வராது. “பால் பேரிங். பன்னிரண்டு மில்லி” என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா மகள் என்னை அடுத்த மேசைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லியிருக்கக் கூடாதுதான்.

நடுவில் ஐந்தாறு மேசைகள். பிசினில் காய்ந்த பூவை அடைத்த பதக்கம், களிமண் ஜிமிக்கி, சேலை ஜரிகையை ஒட்டிய வளையல். ஒன்றின் பின்பக்கத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. தாண்டிப் போனோம்.

சீருக்கு அவள் மனசில் வைத்திருந்தது கடைசி மேசையில் இருந்தது. காசு மாலை. ஆனால் காசில் லட்சுமி இல்லை. சோடா மூடி, குழாய் வாஷர், சட்டைப் பொத்தான், மெட்ரோ டோக்கன், வங்கிக் கவுன்ட்டரில் முன்பு கொடுப்பார்களே, எண் வெட்டிய பித்தளை டோக்கன், அது. இப்படி 21 வட்டம். ஒவ்வொன்றையும் மெழுகில் அச்செடுத்து வெள்ளியில் வார்த்திருக்கிறாள். சுவாமிமலையில் சிலை வார்ப்பார்களே, அடிப்படையில் அதே முறை. செய்தவள் சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பெண். பித்தளை டோக்கனில் எண் 47. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பா பணம் எடுக்கப் போய், டோக்கனை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எண்ணைக் கூப்பிடுகிறவர் கன்னடத்தில் கூப்பிடுவார், அப்பாவுக்குக் கன்னடத்தில் இருபதுக்கு மேல் எண்கள் குழம்பும். பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.

விலை 16,500, எடை 58 கிராம். பழைய வெள்ளிக்குப் போட்டால் எடைக்குத்தான் காசு கிடைக்கும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் வாங்குமுன் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 925 என்று முத்திரை. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அது அவளே அடித்த முத்திரை, அரசின் தர நிறுவனமான பி.ஐ.எஸ். கொடுக்கிற ஹால்மார்க் அல்ல. தங்கத்துக்குத்தான் 2021 ஜூனில் தொடங்கிப் படிப்படியாக ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கினார்கள். “சந்தேகமா இருந்தா எங்க வேணா டெஸ்ட் பண்ணுங்க, குறைஞ்சா பணம் வாபஸ்” என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தாள். பிறகு நகரத்பேட்டையில் மெஷினில் வைத்துப் பார்த்தேன், 92.6 காட்டியது. கெட்டி.

காசுகளின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது, வார்ப்பில் விழுகிற குத்துகள் இல்லை. முழு மார்க் போடலாம் என்று நினைத்துக்கொண்டே வளையங்களுக்குக் கண்ணாடியைக் கொண்டு போனேன். காசுகளைக் கோத்திருக்கிற குட்டி வளையங்கள் 22. ஒன்றில்கூடப் பற்று வைக்கவில்லை. வாயை நெருக்கி மூடியதோடு சரி. கண்ணாடியில் மயிரிழை மாதிரி இடைவெளி தெரிந்தது. தினமும் போட்டுக்கொள்வேன் என்கிறவள் பஸ்ஸில் ஏறி இறங்கி, துப்பட்டாவில் மாட்டி இழுத்தால், ஆறே மாதத்தில் சோடா மூடி ஒரு பக்கம், டோக்கன் ஒரு பக்கம்.

அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கும் பதில் இருந்தது: காசுகளின் பள்ளத்தில் எழுத்து தெரிவதற்காகக் கந்தகத்தால் கறுப்பு ஏற்றியிருக்கிறாள், வளையத்தில் தீ காட்டினால் பக்கத்துக் காசின் கறுப்பு போய்விடும். நியாயம்தான், ஆனால் வரிசை தலைகீழ். முதலில் எல்லா வளையத்துக்கும் பற்று வை, அமிலத்தில் போட்டு வெளுப்பாக்கு, கடைசியில் மாலையை அப்படியே கறுப்பில் முக்கு, மேட்டைத் துடை.

“எல்லாம் ஒரே ஷேடா வராதே?”

“வரவேணாம். சோடா மூடி எல்லாம் ஒரே மாதிரியா துருப்பிடிக்குது?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருபத்திரண்டுல எங்கயாவது ஒண்ணுல பொடி அதிகமாயிட்டா?” என்றாள். அப்போதுதான் புரிந்தது, பயம் அதுதான். வெங்காரம் பூசி, உருகி ஒட்டுகிற பற்றாசுப் பொடியைக் குந்துமணி மூக்களவு வைத்து, தீயை வளையத்தில் மட்டும் படும்படி ஊத வேண்டும். ஊரெல்லாம் பொடி வைத்து ஊதுவது என்று சொல்கிறார்களே, அது எங்கள் பட்டறையில் இந்த வேலைக்குச் சொல்கிற பேச்சு. பொடி கூடினால் வளையம் கட்டியாகும், தீ கூடினால் வளையமே உருகி உருண்டையாகும். கல்லூரியில் இதை ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தார்களாம். ஒரு வாரம்! எனக்கு அப்பா ஒரு வருஷம் கம்பியை மட்டும் வளைக்கக் கொடுத்தார். அதுவும் சரி என்று சொல்ல மாட்டேன், பசங்களின் ஒரு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது. ஆனால் ஒரு வாரம் போதாது.

இன்னொன்றையும் கேட்டேன், பற்றாசில் காட்மியம் இருக்கிறதா என்று. கே.டி.எம். நகை என்று ஒரு காலத்தில் ஊர் முழுக்க போர்டு தொங்கியது ஞாபகம் இருக்கிறதா? கே.டி.எம். என்பது பற்றாசில் கலக்கிற காட்மியம் என்ற உலோகம். பற்று சுத்தமாக உட்காரும், தங்கத்தின் மாற்றும் குறையாது, ஆனால் ஊதுகிறவனின் நுரையீரலுக்கு அந்தப் புகை விஷம். அதனால்தான் பிறகு கைவிட்டார்கள். அப்பா கடைசிப் பத்து வருஷம் இருமினார். எதனால் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண் தன் பற்றாசு டப்பாவின் சீட்டைப் போனில் காட்டினாள், காட்மியம் இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊது என்று சொல்லிவிட்டு, பாதிப் பணம் கொடுத்தேன். பதினைந்து நாள் கேட்டாள்.

இரண்டாவது அறை அச்சுப் படங்கள். நுழைந்ததும் எதிரே தண்ணீர் லாரி. பச்சை டேங்கர், பின்னால் ஒளிவட்டம், ஹெட்லைட்டில் சந்தனப் பொட்டு, ரோஜா மாலை, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்கள் கைகூப்பாத குறையாக நிற்கின்றன. கீழே பன்னிரண்டு மாதத்துக்கும் காலண்டர் கட்டம். 2024 கோடையில் போர்வெல் எல்லாம் வற்றி லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பாப் ஆர்ட் என்றால் அமெரிக்காவில் சூப் டப்பா, காமிக்ஸ் புத்தகம். நமக்கு அது சிவகாசி. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் காலண்டராக வந்து தொங்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. இந்தப் பையன் அந்தச் சாமியை எடுத்துவிட்டு, நாம் இப்போது நிஜமாகவே காத்துக் கிடக்கிற பொருளை அங்கே உட்கார வைத்திருக்கிறான்.

கண்ணாடி வைத்தால் புள்ளிகள் இல்லை; ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக வழித்த மை, விளிம்பில் துளி மேடு. துணித் திரை வழியே மையை வழித்து எடுத்த அசல் ஸ்கிரீன் பிரிண்ட். ஆறு நிறம், ஆறு திரை. ஆனால் கறுப்புக் கோட்டைத் தாண்டி மஞ்சள் அரை மில்லி வெளியே பிதுங்கியிருந்தது. டூல் ரூம்காரனுக்கு அரை மில்லி என்றால் ஜுரம் வந்துவிடும். தெரிந்தேதான் செய்தானாம், பழைய தீப்பெட்டி லேபிளில் நிறம் அப்படித்தான் விலகி நிற்கும் என்று. நம்பினேன், ஏனென்றால் நாற்பது பிரதியிலும் அதே பக்கம், அதே அரை மில்லி. தப்பு இப்படி ஒழுங்காக வராது. 1,200 ரூபாய், பின்னால் பென்சிலில் 17/40 என்று எழுதிக் கையெழுத்து. சமையலறையில் மாட்டியிருக்கிறேன்.

அதே அறையில் இன்னொருவர் ஃபில்டர் காபி டம்ளரை 32 தடவை வரிசையாக அடுக்கி அச்சிட்டு வைத்திருந்தார். அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் வார்ஹாலின் சூப் டப்பாக்களுக்குப் பதில் சொல்கிறாராம். வார்ஹால் 1962-ல் வரைந்த 32 டப்பாவும் பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு சூப்பின் பெயர். அந்தச் சூப் கம்பெனி அப்போது விற்றது 32 வகை. இவர் ஒரே டம்ளரைக் கம்ப்யூட்டரில் 32 தடவை ஒட்டியிருக்கிறார். நம் வீட்டு டம்ளர்களில் வித்தியாசத்துக்கா பஞ்சம்? ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக யாரோ ஒருவர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்குமே! அதைச் செய்திருந்தால் நான் நின்று பார்த்திருப்பேன்.

அது அவர் விருப்பம், விடுங்கள். ஆனால் அக்கா மகளின் சிநேகிதி அதை 4,500 கொடுத்து வாங்கி வந்து என்னிடம் காட்டினாள். சீட்டில் ‘கையால் அச்சிட்ட ஸ்கிரீன் பிரிண்ட்’ என்று இருந்தது. கண்ணாடி வைத்தால் நீலம், மஞ்சள், ஊதாச் சிவப்பு எல்லாம் பொடிப் பொடிப் புள்ளியாகத் தூவிக் கிடக்கிறது. இங்க்ஜெட் மெஷின் கக்கியது. போய்க் கேட்டோம். “ஜிக்ளே, சார்” என்றார். ஜிக்ளே என்பது இங்க்ஜெட்டுக்குக் கலைக்கூடத்தில் வைத்த செல்லப் பெயர். இங்க்ஜெட்டில் தப்பில்லை, அடுத்த அறையில் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் அச்சாகியிருந்தன, அங்கே அப்படியே எழுதியும் இருந்தார்கள். கையால் செய்தது என்று எழுதியதுதான் தப்பு. பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம். அடுத்த சந்தையில் வேறு படம் எடுத்துக்கொள்ளலாமாம். அதையாவது எழுதிக் கொடு என்று வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே அச்சுப் படம் வாங்குகிறவர்கள் கண்ணாடி இல்லாவிட்டால் போன் கேமராவையாவது பெரிதாக்கி வைத்துப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

புகைப்பட அறையில் நான்கு பேர். ஒரு பெண் தானே வேஷம் கட்டித் தன்னையே எடுத்த படங்கள். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலாவும் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியும் 2000-லிருந்து 2004 வரை ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்’ என்று இதே மாதிரி செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பார்க்காதவர்களுக்குப் பிடிக்கும். (புகைப்படத்தை நின்று பார்த்துப் பழக வேண்டுமென்றால் கஸ்தூர்பா ரோட்டில் 2023-ல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு மதியம் கழித்துவிட்டு வரலாம். நான் கண்ணாடியோடு போனேன்.)

என்னை நிறுத்தியது கோலார் தங்கவயல் பையன். தாத்தா சுரங்கத் தொழிலாளி, வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். 1880-களிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனியும் பிறகு அரசாங்கமும் தோண்டி, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, 2001 பிப்ரவரி 28-ல் மூடிய சுரங்கம். இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண்ணான சயனைடு மேடு, தகரக் கூரை லைன் வீடுகள், துருப்பிடித்த கோபுரச் சக்கரம், இவை எல்லாம் இருந்தன. இவற்றை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். ஒரு படம் மட்டும் வேறு. கிழவி ஒருத்தியின் காது, அவ்வளவுதான் படம். தோடு போட்டுத் தொங்கிப்போன ஓட்டை. அதில் தோடு இல்லை, அரை அங்குல நீளத்துக்கு ஓர் ஈர்க்குச்சி.

அடகுக் கடைக்குத் தோடு போன பிறகு ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி சொருகுவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் காதில் மாதக் கடைசியில் இதைத்தான் பார்ப்பேன். அப்பா பட்டறைக்கு வந்து, “மீட்டதும் வர்றேன் ஆசாரி, திருகாணி லூசா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

“அது எங்க ஆயா சார். தோட்டை மீட்டாச்சு. படம் எடுத்த அன்னைக்கு இல்ல.”

“மீட்ட பிறகு இன்னொண்ணு எடுத்தியா?”

“எடுத்தேன். நல்லா வரல.”

திருப்பிக் காட்டச் சொன்னேன். பருத்திக் கூழில் செய்த தடித்த தாள், ஒரு சதுர மீட்டர் 308 கிராம். பின்னால் பென்சிலில் தேதி, இடம், தாளின் பெயர், மை வகை, 2/7 என்ற எண். ஏழுக்கு மேல் அச்சிட மாட்டான் என்பதற்கு அவன் வாய்ச்சொல்தான் உத்தரவாதம் என்றாலும், யாருக்கு எத்தனையாவது போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அந்த அறையில் பின்பக்கத்தை இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தது அவன் ஒருவன்தான். சிறிய அளவே 9,000, சட்டம் போடாமல். மூன்று தவணையில் கொடுக்கலாம் என்றான். காசு மாலைக்குப் பாதிப் பணம் கொடுத்துவிட்டு நிற்கிற எனக்கு அதுவும் முடியவில்லை. அதே படத்தின் அஞ்சலட்டை 150 ரூபாய்க்கு இருந்தது, ஒன்று வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தனியாகப் போய்ப் பெரிய படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 2/7 அப்போது அங்கே இல்லை.

மாலை பதினேழாவது நாள் வந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தேன். 22 வளையத்தில் 20 நன்றாகப் பற்றியிருந்தது. ஒன்றில் பொடி கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது, அது பரவாயில்லை. ஒன்று மட்டும் வாய் திறந்தே இருந்தது. கறுப்பு ஒரே சீராக வரவில்லை. சோடா மூடி கருகருவென்று, பொத்தான் சாம்பல் நிறத்தில். முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. கொக்கி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் ரெடிமேடாக விற்கிற, ஸ்பிரிங் வைத்த நண்டுக்கொடுக்குக் கொக்கி. ஸ்பிரிங் போனால் கொக்கியே போச்சு. பரணிலிருந்து அப்பாவின் கம்பிச்சட்டத்தை இறக்கி, வெள்ளிக் கம்பியை இழுத்து, பழைய எஸ் கொக்கி ஒன்று செய்து மாட்டினேன். திறந்திருந்த வளையத்துக்கும் பற்று வைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான். கொக்கியின் படத்தை அக்கா மகள் அந்தப் பெண்ணுக்கு அனுப்ப, “எத்தனை கேஜ் கம்பி?” என்று உடனே பதில் வந்ததாம்.

அக்கா மாலையைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். ஆசாரி மகள் அல்லவா. சோடா மூடியைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி போன் வந்தது. “வேலை நல்லாத்தான்டா இருக்கு. ஆனா சபையில எடுத்துக் காட்டணும். அரைப் பவுன்ல ஒரு காசு சேர்த்து வெச்சுடு.”

வாங்கிவிட்டேன். நான்கு கிராம், ஹால்மார்க்கோடு, லட்சுமி படம் போட்டது. அடுத்த சந்தை எந்த வீட்டில் என்று இன்னும் செய்தி வரவில்லை. அந்த 4,500 ரூபாய்ச் சீட்டு என் பர்ஸில்தான் இருக்கிறது. வெர்னியரும் அக்கா மகளின் கைப்பையிலிருந்து இன்னும் வந்தபாடில்லை.